ரீச்சரிடம் கேளுங்கள்: டொக்டரின் புது முகம்

போன இதழில் ‘டொக்டர் ஹூ’ என்ற பிபிசி தொடரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வருமென்று நினைக்கவில்லை. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்குத்தான்.

கேள்வி: ரீச்சர், அறுபது வருசமாக ஒரே கதாநாயகன் என்று எழுதினீர்கள். ஆனால் நடிக்கும் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறாராமே? சனம் அதை எப்படி ஏற்றுக்கொண்டது?
– வாசகர், கிண்ணியா

1963 நவம்பர் 23ஆம் திகதி தொடர் தொடங்கியபோது டொக்டராக வந்தவர் வில்லியம் ஹார்ட்னல். வெளியே பார்த்தால் ஒரு நீலநிறப் பொலிஸ் பெட்டி, உள்ளே போனால் மண்டபம் போல இடம். அதில் ஏறிக் காலத்தையும் அண்டத்தையும் சுற்றும் முசுட்டுக் கிழவர் அவர். மூன்று வருசத்தில் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. கதையை அத்தோடு முடித்திருக்கலாம். அதே சாயலில் ஒருவரைத் தேடிப்பிடித்து, ஒன்றும் நடக்காததுபோல ஓட்டியும் இருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. டொக்டர் வேற்றுலகத்தவர்தானே, தேய்ந்துபோன உடம்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று எழுதினார்கள். 1966 ஒக்டோபரில், தரையில் கிடந்த கிழவரின் முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பற்றிக் ட்ரவுட்டனின் முகமாகியது. தொளதொளத்த கால்சட்டை, கையில் ஒரு சின்னக் குழல், கோமாளித்தனமான நடை. பழையவரின் சாயல் மருந்துக்கும் இல்லை.

தம்பலகாமத்தில் என் அப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்தவர். ஒருமுறை தருமராக ஆடியவருக்கு நடுச்சாமத்தில் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. அப்பா கூத்தை நிறுத்தவில்லை. அவருடைய கிரீடத்தைக் கழற்றி, பிற்பாட்டுக்கு நின்ற ஒரு பெடியனின் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே கயிற்றை இறுக்கிக் கட்டினார். புதியவர் உயரம் குறைவு, குரலும் கீச்சுக் குரல். இரண்டு தரு பாடி முடியுமட்டும் சனம் முணுமுணுத்தது. அப்புறம் அவர்தான் தருமர். விடியற்காலையில் மங்களம் பாடும்போது பழையவரை நினைத்தவர்கள் அவருடைய வீட்டார் மட்டும்தான். மத்தளம் அதே மத்தளம், தாளக்கட்டும் அதே தாளக்கட்டு. சனம் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

கேள்வி: விஞ்ஞானக் கதையாக இருந்த தொடரை இப்போது பூதம், மந்திரம் என்று மாற்றிவிட்டார்கள். என் அண்ணா கோபத்தில் பார்ப்பதையே விட்டுவிட்டார். இது புதுப்பாதையா, சறுக்கலா?
– மாணவி, உப்புவெளி

மகள், அண்ணாவிடம் சொல்லுங்கள், அந்தத் தொடர் ஒருநாளும் சுத்த விஞ்ஞானமாக இருந்ததில்லை. 1970களின் நடுவில் பிலிப் ஹிஞ்ச்கிளிஃப் தயாரிப்பாளராக இருந்தபோது மம்மிகளும் இருட்டு மாளிகைகளுமாகப் பேய்க்கதை வாசம்தான் வீசியது. பழைய இரசிகர்கள் பலர் இன்றும் கொண்டாடுவது அந்தக் காலத்தைத்தான்.

ஆனால் 2023இல் நடந்தது கொஞ்சம் வேறு. 2005இல் தொடரைத் திரும்ப எழுப்பிய ரசல் ரி. டேவிஸ் மீண்டும் வந்து, மந்திரத்துக்குக் கதவைத் தெரிந்தே திறந்துவிட்டார். அண்டத்தின் கடைசி விளிம்பில் ஒரு விண்கப்பல். டொக்டரைப் போலவும் அவருடைய தோழியைப் போலவும் உருவெடுத்த இரண்டு பிறவிகள் அவர்களைத் துரத்துகின்றன. டொக்டர் தரையில் உப்பைக் கோடாகக் கொட்டி, இந்த மணிகளை எண்ணி முடிக்காமல் நீங்கள் தாண்ட முடியாது என்கிறார். அந்தக் காட்சியில் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். பிள்ளைக்கு நாவூறு பட்டால் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்ட கை இது. உப்புக்கு ஒரு வேலை உண்டென்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. டொக்டர் தானே நம்பாத ஒரு விசயத்தை, எல்லை தெரியாத இடத்தில் நின்று சொல்லிவிட்டார். அதனால் ஒரு வாசல் திறந்துவிட்டதென்று அவரே பயப்படுகிறார். அடுத்த கதையிலேயே விளையாட்டு விதிகளால் உலகை ஆட்டிப்படைக்கும் ‘பொம்மைக்காரன்’ வந்து நிற்கிறான். மந்திரம் கதைக்குள் வந்ததற்கே கதையில் ஒரு காரணம் இருக்கிறது, பாருங்கள். அதனால்தான் இதைச் சறுக்கல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த வருச நத்தார்க் கதையில் குழந்தையைத் தூக்கிப்போகும் குட்டிப் பூதங்கள் வந்தன. அவற்றின் வித்தை முழுவதும் கயிற்றிலும் முடிச்சிலும் இருக்கிறது. டொக்டர் அதை ஒரு மொழியைப் படிப்பதுபோலப் படிக்கிறார். நம் கரையில் வலை பொத்துகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது நன்றாகப் புரியும். விதி இருக்கும்வரை மந்திரமும் படிக்கக்கூடிய ஒன்றுதான்.

குறையும் சொல்ல வேண்டும். புதியவர்கள் பயமில்லாமல் உள்ளே வரட்டும் என்றுதானே 2024இல் ‘முதலாம் பருவம்’ என்று எண்ணிக்கையையே திரும்பத் தொடங்கினார்கள்? அப்படியிருக்க, அந்தப் பருவத்தின் முடிவில் 1975இல் வந்துபோன எதிரி ஒருவனைப் பெரிய இரகசியமாக இறக்கினார்கள். பழையவர்களுக்கு மெய்சிலிர்த்திருக்கும். என் பக்கத்தில் இருந்து பார்த்த பேத்தி, “யார் அம்மம்மா இது?” என்று கேட்டாள். எனக்கு மனம் வலித்தது.

கேள்வி: ஆள் மாறுவது சரி. ஆம்பிளை எப்படிப் பொம்பிளையாக மாறலாம்? அதிலிருந்து நான் அந்தத் தொடரைப் பார்ப்பதில்லை.
– ஓய்வுபெற்ற அதிகாரி, திருகோணமலை நகர்

ஐயா, நீங்கள் சொல்வது 2018இல் ஜோடி விட்டேக்கர் என்ற நடிகை டொக்டராக வந்ததை. எங்கள் கூத்துக் களரியில் திரௌபதியாக ஆடியவர்கள் அத்தனை பேரும் ஆம்பிளைகள். மீசையை வழித்துவிட்டு வருவார்கள். அம்மாவின் கூறைச்சேலையை இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள். அது விடிய, வேர்வை மணத்தோடும் விளிம்பில் புழுதியோடும் வீட்டுக்கு வரும். சபையில் அந்தத் திரௌபதி அழும்போது நானும் அழுதிருக்கிறேன். ஒருவரும் எழும்பிப் போனதில்லை.

எனக்கு அந்தக் கூத்துக் கொப்பி முழுவதும் மனப்பாடம். ஆடுபவர் தடக்கினால் வேலிக்குப் பின்னாலிருந்து அடி எடுத்துக் கொடுக்கும் அளவுக்குத் தெரியும். சதங்கை கட்ட மட்டும் விடவில்லை. அப்பாவில் எனக்குக் கோபமில்லை, காலம் அப்படி. விட்டேக்கர் தலையிலிருந்த துணியைத் தள்ளிவிட்டு முகம் காட்டிய அந்தச் சிறிய அறிவிப்புக் காட்சியை நான் பலமுறை பார்த்தேன். அவருடைய பருவத்தில் 1947 இந்தியப் பிரிவினையை வைத்து ஒரு கதை உண்டு. பஞ்சாபில் ஒரு கலியாண வீடு, நடுவே புதிதாகப் போட்ட எல்லை. வேறொன்றும் பார்க்காவிட்டாலும் அதைப் பாருங்கள் ஐயா.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து யூடியூபில் இராவணனைப் பற்றி ஒரு தொடர் செய்கிறோம். இருபது பகுதி ஓடிவிட்டது. இப்போது எங்களுக்கே அலுக்கிறது. கையில் காசும் இல்லை. என்ன செய்யலாம்?
– தம்பிமார் மூவர், சேனையூர்

தம்பிமாரே, காசு இல்லாததை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதில்தான் வழி இருக்கிறது.

2007இல் மூன்று மாதம் லண்டனில் அக்கா வீட்டில் இருந்தேன். ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் இந்தத் தொடரின் ஒரு பகுதி போனது. கல் சிலைகள். நாம் பார்க்கும்வரை அசையாது, கண் சிமிட்டினால் கிட்ட வந்துவிடும். பத்திரகாளி அம்மன் கோயில் கோபுரத்துச் சிலைகளுக்குக் கீழே ஓடி விளையாடியவள் நான். எனக்கே முதுகு சில்லிட்டது. அக்காவின் பேரன் அன்றிரவு குளியலறைக்குப் போக என்னைத் துணைக்கு எழுப்பினான். அந்தப் பகுதியில் டொக்டர் வருவதே கொஞ்ச நேரம்தான். கதாநாயகன் டேவிட் டெனன்ற் அந்த நாட்களில் வேறு பகுதியின் படப்பிடிப்பில் நின்றார். ஆகவே எழுத்தாளர் ஸ்டீவன் மொஃபற் கதையை ஓர் இளம்பெண்ணிடம் கொடுத்துவிட்டு, டொக்டரை ஒரு தொலைக்காட்சித் திரைக்குள் பேசவிட்டார். அந்தத் தொடரின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால் பலர் அதைத்தான் சொல்வார்கள்.

1989இல் நின்றுபோன தொடரை 2005இல் டேவிஸ் திரும்ப எழுப்பியதும் இப்படித்தான். அவர் டொக்டரிலிருந்து தொடங்கவில்லை. அலாரம் அடிக்க, கடையில் வேலைக்குப் போக எழும்பும் பத்தொன்பது வயதுப் பெண்ணிலிருந்து தொடங்கினார். அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அவளோடு சேர்ந்து நாமும் அந்த நீலப் பெட்டிக்குள் முதல்முறையாகக் கால் வைத்தோம்.

உங்கள் இருபது பகுதியையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் இராவணனே பேசுகிறான், அதுவும் கோணேசர் மலையில் நின்று. இராவணனைப் புதிதாகப் பார்க்க முடியும் என்று நம் பக்கத்திலேயே காட்டியிருக்கிறார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘இராவணேசன்’ மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கூத்தை மேடைக்கு ஏற்பச் சுருக்கினார். இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு. வெறும் அரக்கனாக நிறுத்தாமல், தன் வீரத்தாலேயே அழிகிற ஒரு மனிதனாக இராவணனைக் காட்டினார்கள். ஆட்டத்தையும் தாளத்தையும் கைவிடவில்லை.

நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள். இருபத்தோராம் பகுதியில் இராவணன் வரவே வேண்டாம். கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒருநாள் விடியற்காலை போங்கள், சனம் வருவதற்கு முன். தாய்க்குக் கடைசிக் கடன் செய்ய இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லும் அந்த ஏழு கிணற்றடியில் ஒரு பிள்ளை வாளியோடு நிற்கட்டும். தாயை இழந்த ஒருவன் முதல்நாள் இரவு இங்கே வந்து அழுதான் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அவன் யாரென்று தெரியாது. ஒரு கிணற்றுத் தண்ணீர் மற்றதைவிட ஏன் சுடுகிறது என்று அவள் கையை விட்டுப் பார்க்கட்டும். ஆவி எழும்பும் நேரம் ஒளி நன்றாக இருக்கும், விளக்குச் செலவும் இல்லை.

எடுத்து முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். பேத்தியையும் பக்கத்தில் இருத்தி வைத்துப் பார்க்கிறேன்.