ஒரே பில்லை இரண்டு பேர் திருத்தினால்?

கேள்வி: எங்கள் மருந்து மொத்த விற்பனைக் கடையின் பில், சரக்கு விவரமெல்லாம் ஆரக்கிள் டேட்டாபேஸ் டேபிள்களில் இருக்கிறது. மொபைல் ஆப் எழுதுபவர் முழு பில்லையும் ஒரே ஜேசன் டாகுமெண்டாக (ஆப்கள் தகவலைப் பரிமாறும் எழுத்து வடிவம்) கேட்கிறார். டேபிள்களில் இருப்பதை டாகுமெண்டாகக் காட்டும் டுவாலிட்டி வியூ போட்டால், இருவர் ஒரே பில்லைத் திருத்தும்போது ஒருவர் செய்தது அழிந்துவிடாதா?

பதில்: அழியாது. ஆனால் ஆப் ஒழுங்காக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2024-இல் வந்த ஆரக்கிள் 23ஏஐ பதிப்பில் இந்த டுவாலிட்டி வியூ வசதி வந்தது. டேபிள்கள் அப்படியே இருக்கும். பில்லும் அதன் வரிகளும் ஆப்புக்கு ஒரே டாகுமெண்டாகத் தெரியும். அதைத் திருத்திச் சேமித்தால் அந்தந்த டேபிளே மாறும். டாகுமெண்டோடு ஈடேக் என்ற முத்திரை ஒன்று வரும். உள்ளே இருக்கும் மதிப்புகளை வைத்துக் கணக்கிட்டது அது. நீங்கள் 10 அட்டையை 12 ஆக்கிச் சேமித்துவிட்டீர்கள். பழைய பில்லைத் திறந்து வைத்திருந்த தம்பி தள்ளுபடி போட்டுச் சேமித்தால் முத்திரை பொருந்தாது. ஓஆர்ஏ-42699 என்ற பிழை வரும். அவர் பில்லை மறுபடி எடுத்துத் திருத்த வேண்டும், அவ்வளவுதான்.

ஈடேக்கைத் திருப்பி அனுப்பாவிட்டால் இந்தச் சோதனையே நடக்காது! "தேவையில்லாத ஃபீல்டு" என்று அதை வெட்டி எறிந்த ஆப்களைப் பார்த்திருக்கிறேன். பில் வரிகளுக்கு டெலீட் அனுமதி கொடுப்பதிலும் கவனம். ஒரு வரி விடுபட்ட டாகுமெண்ட் வந்தால் டேபிளிலும் அந்த வரி போய்விடும்.

இன்னொன்று, சரக்கு இருப்பு. அதை பில் டாகுமெண்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். ஒரு அட்டை விற்றாலும் இருப்பு மாறும். இருப்பு மாறினால் அந்த மருந்து உள்ள எல்லா பில்களின் முத்திரையும் மாறும். பில்லை யாருமே தொடாதபோதும் சேமிக்க முடியாமல் கவுண்ட்டர் திணறும். மருந்தின் பெயர் இருக்கட்டும், விலை இருக்கட்டும். இருப்பைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், "எல்லாவற்றையும் டாகுமெண்ட் டேட்டாபேஸுக்கு மாற்றிவிடலாம், ராத்திரி ராத்திரி ஒத்திசைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு ஆலோசகர் வருவார். கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு இடத்தில் கணக்கு வைத்தால் எது சரி என்று தேடுவதற்கும் அவருக்கே பணம் தர வேண்டியிருக்கும். சிறு கடைக்காரர்களிடம் இப்படி விற்பதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் எரிச்சல்.

ஆரக்கிளின் இலவசப் பதிப்பில் 12 ஜிபி வரை டேட்டா வைக்கலாம்; முதலில் அதில் செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு போனில் ஒரே பில்லைத் திறந்து, இரண்டிலும் திருத்திச் சேமித்துப் பாருங்கள். இரண்டாவது போனில் பிழை வராவிட்டால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.