ஐம்பத்திரண்டு நிமிஷம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் அம்மம்மாவைப் பற்றி முன்பு எழுதிய கட்டுரையை இப்போதுதான் படித்தேன். பஹாய் என்றொரு சமயம் நம் பக்கத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. எல்லா மதத்தையும் ஒன்றாக நினைத்த, எதற்கும் வேண்டாம் சொல்லாத அப்படி ஒரு மனுஷி வீட்டுக்கு வீடு இருந்தால் எவ்வளவு நல்லது. ஒரு கேள்வி. அவரை எந்த முறைப்படி அடக்கினீர்கள்? வந்தது ஐயரா, போதகரா?

ஒரு வாசகி, அக்கரைப்பற்று

அன்புள்ள சகோதரி,

'எதற்கும் வேண்டாம் சொல்லாத மனுஷி' என்று நீங்கள் எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், அந்தக் கட்டுரையில் சீனியை அள்ளிப் போட்டுவிட்டேன்.

அம்மம்மா நிறைய வேண்டாம் சொன்னவர். கல்யாண வீட்டில் சாராயப் போத்தலைக் கண்டால் எழும்பிப் போய்விடுவார். தேர்தல் காலத்தில் எந்தக் கட்சிக்காரரும் எங்கள் மதிலில் நோட்டீஸ் ஒட்ட முடியாது. மார்ச் 2 முதல் 20 வரை பகலில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். எழுபது வயதானதும்தான் நோன்பை விட்டார், அதுவும் அவர்கள் சட்டத்தில் அப்படி விலக்கு இருப்பதால்.

எல்லா மதமும் ஒன்று என்று மொட்டையாகச் சொன்னாலும் பிடிக்காது. "போகம் வேற, விதைநெல்லு வேற. வயல்தான் ஒண்டு" என்பார். கிருஷ்ணர், புத்தர், இயேசு, முகம்மது நபி எல்லாரையும் காலத்துக்குக் காலம் அனுப்பியவன் ஒருவனே, இந்தக் காலத்துக்கு வந்தவர் 1817இல் தெஹ்ரானில் பிறந்த பஹாவுல்லா என்பது அவருடைய நம்பிக்கை. என்னை நம்பச் சொன்னதில்லை. பிள்ளை தானே தேடி, பதினைந்து வயதில் தானே சொல்லவேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் பிறந்தநாளில் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். பாலப்பம் சுட்டுத் தந்தார், அவ்வளவுதான். எனக்கு உள்ளூரக் கோபம்கூட வந்தது.

1993இல் அவருடைய பத்தொன்பது நோன்பும் ரமழானுக்குள் விழுந்தது. கல்முனையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகத் தயங்கிய வருஷங்கள் அவை. அம்மம்மாவிடம் பள்ளியில் படித்த ஒரு ராத்தா, முஸ்லிம் அக்கா, மகனிடம் தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி கொடுத்துவிடுவார். ஒருநாள் அவரே வந்தபோது, நோன்புக்கு முன் விடியப்புறம் சாப்பிடும் சஹர் நேரம் பற்றிப் பேச்சு வந்தது. நாங்கள் இருட்டோடு சாப்பிட்டு முடிக்கவேண்டும், உங்களுக்குச் சூரியன் உதிக்கும்வரை நேரம் இருக்கே என்று கணக்குப் பார்த்து, "ரீச்சர், உங்களுக்கு ஒரு மணித்தியாலம் லாபம்" என்றார். அம்மம்மா வாய்விட்டுச் சிரித்தார். திரும்பிப் போன சட்டியில் முருங்கைக்காய் இருந்தது.

இனி மாமாவின் வழக்கு. ஆண் பெண் இரண்டு பிள்ளைக்கும் படிப்பிக்க வசதி இல்லாவிட்டால் முதலில் பெண்ணைப் படிப்பி என்பது பஹாய் போதனை. படிக்கும்போது நல்லாத்தான் இருக்கிறது. தாத்தா செத்து, சம்பளம் ஒன்றே மிச்சமானபோது அம்மம்மா அதை அப்படியே செய்தார். அம்மா ஏ.எல். என்ற உயர்தர வகுப்புவரை படித்தார், மாமா லொறியில் கிளீனராக ஏறினார். எங்கள் பக்கத்தில் வீடும் மகளுக்குத்தான் போகும். வீடும் அக்காவுக்கு, படிப்பும் அக்காவுக்கு, எனக்கு என்ன, ஸ்டியரிங்கா என்று மாமா கேட்பார். அம்மம்மா பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய திறந்த மனதுக்கு யாரோ ஒருவர் காசு கட்டினார் என்பதை என் கட்டுரை மறைத்துவிட்டது.

சரி, உங்கள் கேள்வி. 2012இல் மட்டக்களப்பில் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனார். ஐயரும் வரவில்லை, போதகரும் வரவில்லை. பஹாய்களிடம் குருமார் கிடையாது. வருஷாவருஷம் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்யும் ஒன்பது பேர் சபைதான். எரிக்கக்கூடாது, புதைக்கவேண்டும். அதோடு, உயிர் போன ஊரிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு மேல் உடலைக் கொண்டுபோகக்கூடாது. எங்களுக்கோ அவரைக் கல்முனைக்குக் கொண்டுவர ஆசை. கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர். மட்டக்களப்பிலேயே அடக்கிவிடலாம் என்று அம்மா சொன்னார்.

"நான் கொண்டு போறன்" என்றார் மாமா. எந்தச் சமயத்திலும் சேராதவர், தாயின் பேச்சை ஒருநாளும் கேளாதவர். விடியப்புறம் வானை எடுத்தார். சந்தை கூடுவதற்கு முன் காத்தான்குடியைத் தாண்டினோம். களுவாஞ்சிகுடியில் ஒரு மாடு நடுறோட்டில் நின்றது. மாமா ஹோன் அடிக்கவில்லை, இறங்கிப் போய்க் கையால் தள்ளிவிட்டு வந்தார்.

வெள்ளைப் பருத்தித் துணி சுற்றி, விரலில் ஒரு மோதிரம் போட்டார்கள். இறைவனிடமிருந்து வந்தேன், அவனிடமே திரும்புகிறேன் என்று தொடங்கும் வரி அதில் பொறித்திருந்தது. சபையில் ஒரு பெண்பிள்ளை பிரார்த்தனையை வாசிக்க, நாங்கள் எழும்பி நின்றோம். ஆறு வசனம், ஒவ்வொன்றும் பத்தொன்பது தரம். எண்ணிக்கை தவறாமலிருக்க அது விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணியது. மாமா கடைசி வரிசையில் இருந்தார். மண் போடும் முறை வந்தபோது குழியருகே குந்தி, மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அம்பத்திரெண்டு நிமிசம்மா" என்றார்.