வேலைவாய்ப்புத் திட்டங்களும் நாடாளுமன்றக் கண்காணிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: மத்திய அரசின் வேலைவாய்ப்புத் திட்டங்களை நாடாளுமன்றத்தில் உண்மையில் யார் ஆராய்கிறார்கள்? அவையின் அமளியைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை.

பதில்: அந்த வேலை பெரும்பாலும் குழு அறையில் நடக்கிறது. அமைச்சகங்களின் பணியை ஆராயும் நாடாளுமன்ற உறுப்பினர் குழுக்களான துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் 17 ஆகத் தொடங்கி, 2004இல் 24 ஆயின. தொழிலாளர், ஜவுளி, திறன் மேம்பாட்டுத் துறைகளுக்கான நிலைக்குழு ஆண்டுதோறும் மானியக் கோரிக்கைகளை (அமைச்சகங்கள் தம் செலவுக்குக் கேட்கும் தொகைகளை) ஆராயும்போது, துறைச் செயலாளரை அழைத்து, ஒதுக்கிய தொகை ஏன் செலவாகவில்லை என்று கேட்கிறது. ஆனால் ஊரக வேலைவாய்ப்பு ஊரக வளர்ச்சிக் குழுவிடமும், சிறுதொழில் தொழில்துறைக் குழுவிடமும் இருப்பதால், மொத்த உத்தியையும் ஒரே பார்வையில் காண்பவர் எவரும் இல்லை. இதையே நான் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

கேள்வி: குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்துமா?

பதில்: கட்டுப்படுத்தாது, ஆயினும் மூன்று மாதங்களுக்குள் அரசு பதிலளிக்க வேண்டும். அந்தப் பதில்களின் மீது குழு வெளியிடும் நடவடிக்கை அறிக்கையை வாசிக்க நேர்ந்தால், நான்காம் அத்தியாயத்தை முதலில் புரட்டுங்கள். அரசின் பதிலைக் குழு ஏற்க மறுத்த பரிந்துரைகள் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: இரண்டே ஆண்டுகளில் 3.5 கோடி வேலைகள் என்று 2025இல் அறிவித்தார்களே, அதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: புதிதாக ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கும் முதன்முறை வேலைக்குச் சேர்பவர்களுக்கும் மத்திய அரசு பணம் தரும், 99,446 கோடி ரூபாய் மதிப்பிலான அந்த ஊக்கத்தொகைத் திட்டத்திலேயே ஓர் அளவுகோல் உள்ளது. முதன்முறையாக வேலைக்குச் சேர்பவருக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய் இரு தவணைகளாகக் கிடைக்கும். முதல் தவணை ஆறு மாதப் பணிக்குப் பின்னும், இரண்டாவது 12 மாதப் பணிக்குப் பின்னும் தரப்படும். ஆகவே பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இரண்டாம் தவணை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். அப்போதுகூட, ஊக்கத்தொகை இல்லாவிட்டாலும் எப்படியும் ஆள் எடுத்திருக்கக்கூடிய நிறுவனங்கள் எவை என்ற சிக்கல் தீராது.

கேள்வி: அமைச்சர் ஒரு புள்ளிவிவரம் சொல்கிறார், எதிர்க்கட்சி வேறொன்றைச் சொல்கிறது. எது பொய்?

பதில்: இரண்டுமே மெய்யாக இருக்கலாம். ஒரு புள்ளிவிவரம் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் பதிவேட்டிலிருந்தும், மற்றொன்று கணக்கெடுப்பிலிருந்தும் வந்திருக்கலாம். வைப்பு நிதியில் புதிதாகச் சேர்ந்தவர், அதே நாற்காலியில் முன்பே அமர்ந்திருந்து, இப்போதுதான் பதிவேட்டில் ஏறியவராகவும் இருக்கலாம். வேலை நிலவரத்தை அறிய அரசு நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பிலோ, வாராந்திர நிலை என்ற அளவுகோலின்படி முந்தைய ஏழு நாட்களில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவரும் வேலையில் இருப்பவர்களே. வரையறையைக் கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் கேட்கும் உறுப்பினருக்கு, அமைச்சகம் தனக்கு வசதியான எண்ணைத் தருவதில் வியப்பில்லை.

கேள்வி: எங்கள் தொகுதி உறுப்பினரிடம் எத்தகைய கேள்வியை எழுப்பச் சொல்லலாம்?

பதில்: "எத்தனை வேலைகள் உருவாக்கப்பட்டன?" என்பதை அறவே தவிர்க்கச் சொல்லுங்கள். பயிற்சி முடித்தவர்கள், பணியமர்த்தப்பட்டவர்கள், ஓராண்டுக்குப் பின்னும் அதே ஊதியத்திலோ கூடுதல் ஊதியத்திலோ பணியில் நீடிப்பவர்கள் ஆகியோரை மாவட்டவாரியாகக் கேட்கச் சொல்லுங்கள். அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதிலளிக்கும் நட்சத்திரக் குறியிட்ட கேள்வியானால் துணைக்கேள்விக்கும் இடமுண்டு. ஆனால் மக்களவையில் நாளொன்றுக்கு 20 கேள்விகளே அப்பட்டியலில் ஏறும், அதுவும் குலுக்கல் முறையில். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் சோர்வடைய வேண்டாம். அது உறுதிமொழியாகக் கொள்ளப்படுவதால், நிறைவேற்றப்பட்டதா என்று அரசு உறுதிமொழிகள் குழு பின்தொடர்ந்து கேட்கும்.