வாய் இல்லாத நாய்

கே: அனிமேஷன் படிக்கிறேன் சார். இமை முடி, சட்டை மடிப்பு வரை நுணுக்கமாக வரைகிறேன். ஆனால் என் பாத்திரம் கோபப்பட்டாலும் அழுதாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது? (மாணவர், சேலம்)

ப: முதலில் அந்த இமை முடிகளை அழித்துவிடுங்கள். படத்துக்கு நொடிக்கு 24 பிரேம் (தனித்தனி அசையாப் படம்), ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தாலும் 12 ஓவியம், அத்தனையிலும் அந்த முடியும் மடிப்பும் மாறாமல் வந்தாக வேண்டும் என்றால் நீங்கள் அதைக் காப்பாற்றுவீர்களா, முகத்தைக் கோண வைப்பீர்களா?

பிரிட்டிஷ் அனிமேஷன் இயக்குநர் நிக் பார்க் களிமண்ணில் செய்த குரோமிட் நாயைப் பாருங்கள். அதற்கு வாயே கிடையாது. 1989-இல் வந்த முதல் படத்தில் அதைப் பேச வைக்கத்தான் அவர் நினைத்திருந்தார். ஆனால் படமாக்கத் தொடங்கிய காட்சியில் நாயின் எஜமானர் வாலஸ் கதவை அறுக்கிறார், நாய் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கிறது, உடம்பை அசைக்க வழியில்லை. சரி என்று புருவத்தை மட்டும் நகர்த்திப் பார்த்தார். சலிப்பு, எரிச்சல், 'இந்த ஆளோடு காலம் தள்ள வேண்டியிருக்கே' எல்லாம் அதிலேயே வந்துவிட்டது. அப்புறம் குரல் எதற்கு?

உங்கள் பாத்திரத்துக்குப் புருவம் ஏறி இறங்க இடம் இருக்கிறதா? நிறைய பேர் நெற்றி முழுக்க முடியைப் போட்டு மூடிவிட்டு முகத்தில் உயிரில்லை என்கிறார்கள். கண்ணுக்குள்ளும் கருவிழி திரும்ப வெள்ளை வேண்டும். 1930-களின் கடைசியில் டிஸ்னி ஓவியர் பிரெட் மூர் மிக்கி மவுஸை மாற்றி வரைந்தபோது செய்த பெரிய வேலை அதுதான். அதுவரை வெறும் கறுப்புப் புள்ளியாக இருந்த கண், எங்கே பார்க்கிறது என்று காட்ட ஆரம்பித்தது.

முகத்தோடு நின்றுவிடாதீர்கள். டிஸ்னியில் புதியவர்களுக்குக் கொடுத்த பயிற்சி ஒன்று உண்டு: பாதி நிரம்பிய மாவு மூட்டையை மகிழ்ச்சியாக, சோகமாக, ஆத்திரமாக வரைய வேண்டும். கண் கிடையாது, மூக்கு கிடையாது, நாலு மூலையும் ஒரு வளைவும்தான். ஒரு வாரம் அதை மட்டும் வரையுங்கள். பிறகு உங்கள் பாத்திரத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பி நண்பரிடம் காட்டுங்கள். என்ன மனநிலை என்று அவர் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கே: வட்டம் நல்லவர், முக்கோணம் வில்லன் என்கிறார்களே? (வாசகி, தஞ்சாவூர்)

ப: பாதி உண்மை. 'அப்' (2009) படத்தில் கார்ல் தாத்தா தலை, கண்ணாடி, நாற்காலி எல்லாமே சதுரம், மனைவி எல்லி வட்டம். அவர் கெட்டவர் என்பதற்காகச் சதுரம் இல்லை, பிடிவாதமாக வீட்டுக்குள் அடைந்துவிட்ட மனிதர் என்பதற்காக. உணர்ச்சிகளே பாத்திரங்களாக வரும் 'இன்சைட் அவுட்' (2015) படத்தில் கோபம் செங்கல், சோகம் கண்ணீர்த்துளி. ஆக, குணத்தை முடிவு செய்துவிட்டு வடிவத்தைத் தேடுங்கள். 'டாய் ஸ்டோரி 3'-இன் வில்லன் லாட்சோ இளஞ்சிவப்பு நிறத்தில் புஸுபுஸுவென்று, ஸ்ட்ராபெரி வாசனையோடு வரும் கரடி பொம்மை. முக்கோணம் போட்டிருந்தால் முதல் காட்சியிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்!

கே: மிக்கிக்கு ஏன் கைக்கு நாலு விரல்? (பள்ளி மாணவன், நாகர்கோவில்)

ப: ஐந்து போட்டால் எலியின் கைக்கு அதிகமாகத் தெரிந்தது, வரைய நேரமும் பணமும் கூடுதல். கையுறை 1929-இல் வந்தது. கறுப்பு உடம்பின் முன்னால் கறுப்புக் கை வந்தால் கண்ணுக்குத் தெரியாதே.

கே: எந்த மென்பொருள் வாங்கலாம்? (வாசகர், ஈரோடு)

ப: எதுவும் வாங்க வேண்டாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் இலவசம். 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' அதில்தான் செய்யப்பட்டது. அதிலும் பூனை ஒரு வார்த்தை பேசுவதில்லை. மிச்சப்படும் காசில் மேசைமேல் வைக்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்குங்கள். நீங்களே முறைத்துப் பார்த்துக்கொள்ளாமல் முறைப்பை வரைய முடியாது.