மாமா தாண்டிய கோடும் மகள் கேட்கும் படிப்பும்

அன்புள்ள அம்மா,

மகள் பிளஸ் டூ முடித்ததும் பன்னாட்டுச் சட்டம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்பதாகச் சொன்னீர்கள். தாய்மாமா விசைப்படகோடு பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருந்த நாட்களில் வந்த ஆசை என்றும் சொன்னீர்கள். "வக்கீல் பேச்சையே ஊரில் யாரும் நம்புவதில்லை, இதில் வெளிநாட்டுச் சட்டம் வேறா?" என்று கேட்டீர்களே, அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

அவள் படிக்க நினைப்பது உங்கள் வீட்டுக்கு நடந்த விஷயத்தைத்தான். 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தங்கள்தான் உங்கள் தம்பி தாண்டியதாகச் சொல்லப்படும் கடல் எல்லையை வகுத்தன. சிறையில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி வந்து பார்த்தாரல்லவா? அது தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு தரும் உரிமை. பாகிஸ்தான் உளவாளி என்று பிடித்து மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷன் ஜாதவுக்காக இந்தியா ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனதும் இதே பிரிவைக் காட்டித்தான். பாகிஸ்தான் அதை மீறியது என்று 2019 ஜூலையில் 15-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

அந்த நீதிமன்றத்திடம் போலீஸ் கிடையாது. நாடுகள் மதிப்பதால்தான் அதன் தீர்ப்பு நிற்கிறது. இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான வங்காள விரிகுடா எல்லைத் தகராறில் 2014-இல் வேறொரு பன்னாட்டு நடுவர் மன்றம், சுமார் 25,600 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 19,500-ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தது. பெரிய நாடான இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

வக்கீல் மேல் வரும் நம்பிக்கையும் இப்படித்தான் அம்மா. எதிர்த்தரப்பின் நியாயத்தை மறைக்காமல் எடுத்துச் சொல்லி, அதன் பிறகு தன் பக்கத்தை வாதாடுபவரை நீதிபதியும் நம்புவார், ஊரும் நம்பும். உங்கள் மகளுக்குக் கடினமான பாடம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். விசைப்படகுகள் கடலடியைச் சுரண்டி இழுக்கும் வலையான இழுவைமடியை இலங்கை 2017-இல் தடை செய்தது. அந்த மடியால் வலை அறுந்து, கடலும் கெட்டு நிற்பவர்கள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும், நம் மொழி பேசும் மீனவர்கள். மாமாவின் கண்ணீரைப் பார்த்த பிள்ளை அவர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். பன்னாட்டுச் சட்டத்துக்கென்று தனி இளநிலைப் பட்டம் தேட வேண்டாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிலேயே அது ஒரு பாடம். ஆழமாகப் படிப்பது பிறகு எல்.எல்.எம். என்ற முதுநிலைப் பட்டத்தில். திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற அகில இந்திய சட்ட நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்: 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும், எல்லாம் ஆங்கிலத்தில். கட்டணம் லட்சங்களில் போகும். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அரசு சட்டக் கல்லூரிகளும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே ஐந்தாண்டுப் படிப்புக்குச் சேர்க்கின்றன, அரசு கல்லூரிகளில் செலவும் மிகக் குறைவு. கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும் என்றால், நான் அரசு கல்லூரியைத்தான் சொல்வேன். தமிழ்வழியில் படித்தவள் என்பதால், எங்கே சேர்ந்தாலும் ஆங்கிலத்துக்கு இன்றிலிருந்தே தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும்.

வேலை பற்றி ஆசை காட்ட மாட்டேன். வெளியுறவு அமைச்சகத்தில் சட்டம் மற்றும் ஒப்பந்தங்கள் பிரிவு இருக்கிறது, ஆனால் இடங்கள் சொற்பம். ஐ.எஃப்.எஸ். என்ற வெளியுறவுப் பணிக்குப் போக யு.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். கப்பல், துறைமுகம் சார்ந்த வழக்குகள் சென்னையில் உண்டு. எதுவானாலும், முதல் சில ஆண்டுகள் ஒரு நல்ல சீனியரிடம் ஜூனியராக இருந்து, கட்டு தூக்கி, வாய்தா வாங்கிப் பழகட்டும். உரிமையியல் நீதிபதி தேர்வு எழுதவே மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. அந்த ஆண்டுகளில் வருமானம் குறைவாகத்தான் இருக்கும். வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு வேலை. மன்னார் மீனவர் ஒருவருக்காக, உங்கள் தம்பிக்கு எதிராக வாதாடுவதாக நினைத்து இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதட்டும். எழுதியதை முதலில் மாமாவிடம் படித்துக் காட்டட்டும். அடுத்த முறை வரும்போது அவளையும் அந்தத் தாள்களையும் கூட்டி வாருங்கள்.