40 வருஷமா சேர்த்த ஸ்டாம்பும் காயினும் எனக்கப்புறம் என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு 64 வயசு. ஸ்டாம்ப், காயின் ரெண்டும் 40 வருஷமா சேர்க்கறேன். கேட்டலாக்ல, அதாவது விலைப் பட்டியல் புத்தகத்துல, இருக்கற விலைய கூட்டிப் பாத்தா பெரிய தொகை வருது. மனைவிக்கும் ரெண்டு பசங்களுக்கும் இதுல இன்ட்ரெஸ்ட் கிடையாது. உயில்ல "ரெண்டு பேரும் சமமா பிரிச்சுக்கோங்க"ன்னு எழுதிட்டா போதுமா?

பதில்: போதாது சார். மொதல்ல அந்த கேட்டலாக் கணக்க மறந்துடுங்க, அது நல்ல கண்டிஷன்ல இருக்கற ஒண்ண டீலர்கிட்ட நீங்க போய் வாங்கினா என்ன விலைங்கறதுக்குத்தான், விக்கப் போறப்ப அவர் வாடகை, லாபம், எத்தன மாசம் கடையில தூங்குமோ அதையும் சேத்துக் கழிச்சுதான் விலை சொல்லுவார். பழசா இருந்தா விலை இருக்கும்னு இல்ல. உலகத்தோட முதல் ஸ்டாம்ப், 1840ல வந்த பென்னி பிளாக், ஆறு கோடிக்கு மேல அச்சடிச்சாங்க, யூஸ் பண்ணினது இன்னைக்கும் தேடினா கிடைக்குது. ஆனா 1856ல வந்த பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தா உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சு இருக்கு, 2021ல ஏலத்துல 80 லட்சம் டாலருக்கு மேல போச்சு. இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியும், பசங்களுக்கு ரெண்டுமே பழைய பேப்பர்தான்.

என்கிட்ட வந்த ஒரு குடும்பம், அப்பா போனதுக்கப்புறம் பையன் ராத்திரி உக்காந்து அத்தன வெள்ளிக் காயினையும் டூத்பேஸ்ட் போட்டு தேச்சுட்டான், டீலர் பாத்தா பளபளன்னு இருக்கணுமாம்! அவர் லென்ஸ வெச்சு கீறல பாத்துட்டு வெள்ளி எடைக்கு மட்டும் விலை சொன்னார். பையன் மேல தப்பில்ல, அவனுக்கு யாரும் சொல்லல.

அதனால ஒரு நோட்டு போடுங்க. ஆயிரம் அயிட்டத்தையும் எழுத வேண்டாம், ஆரம்பிச்சா முடிக்கவே மாட்டீங்க. விலை போகற 20 இல்ல 30 மட்டும் எந்த ஆல்பம், எந்த பக்கம், எப்ப எவ்வளவுக்கு வாங்கினது, ஒரிஜினல்னு சொல்ற சர்டிபிகேட் எங்க இருக்கு, கூட ஒரு போட்டோ. மிச்சத்துக்கு "மொத்தமா ஒரே லாட்டா வித்துடுங்க"ன்னு ஒரே வரி. வாங்கின பில் இருந்தா அதையும் உள்ள வைங்க, நாளைக்கு வித்து வரி கணக்கு போடறப்ப உதவும். நம்பற ரெண்டு பேர் போன் நம்பரும் எழுதுங்க, ஆனா மதிப்பு சொல்றவரும் வாங்கறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது, இத பெரிசா எழுதுங்க.

சமமா பிரிக்கறதுன்னா செட்ட பாதியா உடைக்கறதுன்னு பசங்க எடுத்துக்குவாங்க, உடைஞ்ச செட்டுக்கு விலை விழும். "வித்து வர்ற பணத்த சமமா"ன்னு உயில்ல மாத்துங்க, யார் விக்கணும்னு ஒரு பேரையும் போடுங்க.

இன்னொண்ணு, கேக்க கஷ்டமா இருக்கும். டாப்ல இருக்கற அஞ்சு பத்து பீஸ நீங்களே இப்ப வித்துடறது நல்லது, ஏன்னா அதோட கதையச் சொல்லி பேரம் பேச உங்களத் தவிர வீட்ல யாரும் இல்ல. மனசு வரலன்னா விக்காதீங்க, ரசிக்கத்தான வாங்கினீங்க. ஆனா நோட்டு மட்டும் இந்த மாசமே ஆகணும், எங்க இருக்குன்னு மனைவிக்குக் காட்டிடுங்க, பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டுங்க: "எதையும் கழுவாத, தேய்க்காத, மொதல்ல நோட்ட படி."