சிறிய தனியார் கல்லூரியா, மாநிலப் பல்கலைக்கழகமா? மே 1-க்கு முன் பார்க்க வேண்டியவை

அன்புள்ள ஐயா,

உயிரியல் படித்து, பின்னர் மருத்துவம் படிக்க நினைக்கும் உங்கள் மகளுக்கு உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்திலும், பென்சில்வேனியாவில் 1,600 மாணவர்கள் மட்டுமே படிக்கும் ஒரு தனியார் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியிலும் (பல துறைகளைச் சேர்த்துக் கற்பிக்கும், பெரும்பாலும் இளநிலைப் படிப்பை மட்டுமே நடத்தும் கல்லூரி) இடம் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் இரண்டாவதையே விரும்புகிறார் என்றும், யாரும் கேள்விப்படாத கல்லூரிக்கு இவ்வளவு பணமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். முன்பணம் கட்ட மே 1 கடைசி நாள் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

'ஆர்ட்ஸ்' என்ற சொல்லைக் கேட்டதும், பொறியியலும் மருத்துவமும் கிடைக்காதவர்கள் சேரும் இடம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவில் அச்சொல்லின் பொருள் வேறு. இடைக்கால ஐரோப்பாவில் எண்ணப்பட்ட ஏழு லிபரல் கலைகளிலேயே கணக்கும் வடிவியலும் வானியலும் இருந்தன. இன்றைய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் இயற்பியலும் உயிரியலும் கணினி அறிவியலும் வழக்கமான பாடங்கள். 1989-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான தாமஸ் செக் அயோவாவின் கிரின்னெல் கல்லூரியிலும், 2020-இல் அதே பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான ஜெனிஃபர் டௌட்னா கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியிலும் இளநிலைப் பட்டம் படித்தவர்கள். இப்படிப்பட்ட சிறிய கல்லூரியில் அறிவியலை ஆழமாகப் படிக்க முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேனே தவிர, உங்கள் மகள் தேர்ந்தெடுத்திருக்கும் கல்லூரிக்கு நற்சான்றாக அல்ல. அவ்விரண்டும் நன்கொடைகளால் சேர்ந்த பெரும் மூலதனம் உள்ள கல்லூரிகள். அவற்றின் புகழை அந்த வகையைச் சேர்ந்த எல்லாக் கல்லூரிகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்துப் பேசுவது சேர்க்கை அலுவலர்களின் வழக்கம். நாம் அதற்கு மயங்க வேண்டியதில்லை.

நீங்கள் கூடுதலாகக் கட்டப்போகும் பணத்துக்கு ஈடாகக் கிடைப்பது, பெரும்பாலும், பேராசிரியரின் நேரடிக் கவனம்தான். முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாத இடத்தில் ஆய்வகத்துக்குக் கை வேண்டுமென்றால் இளநிலை மாணவரைத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். வகுப்பெடுக்கவும் உதவி ஆசிரியர்கள் கிடையாது, பேராசிரியரே வர வேண்டும். கேள்வி கேட்கவும், அலுவலக நேரத்தில் கதவைத் தட்டவும் தயங்காத மாணவிக்கு இது பெரிய வாய்ப்பு. பின்வரிசையில் அமர்ந்து தாமே படித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கும் இயல்புடையவருக்கோ, அதே பாடத்தை மாநிலப் பல்கலைக்கழகம் குறைந்த செலவில் கற்றுக்கொடுத்துவிடும். உங்கள் மகள் இவ்விரண்டில் யார் என்பது எனக்குத் தெரியாது; அவருடைய உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

அந்தக் கவனம் உயிரியல் துறையில் உண்மையிலேயே இருக்கிறதா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும், ஏனெனில் சிறிய கல்லூரியின் பலமும் பலவீனமும் துறை அளவில்தான் தெரியவரும். ஐந்து பேராசிரியர்கள் உள்ள துறையில் ஒருவர் ஓய்வு பெற்று, இன்னொருவர் ஆய்வு விடுப்பில் போனால், மூன்றாம் ஆண்டில் எடுக்க வேண்டிய உயிர்வேதியியலோ மரபியலோ அந்த ஆண்டு நடக்காமலே போகலாம். கல்லூரியின் பாடப் பட்டியலைப் பார்த்து நிறைவடையாதீர்கள். அதில் பல ஆண்டுகளாக நடக்காத பாடங்களும் அச்சாகிக்கொண்டே இருக்கும். கடந்த நான்கு செமஸ்டர்களின் வகுப்பு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாடம் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது, எது ஓராண்டு விட்டு ஓராண்டு நடக்கிறது, யார் நடத்துகிறார், அவர் நிரந்தரப் பேராசிரியரா தற்காலிகமாக வந்தவரா என்பதெல்லாம் அதில் தெரியும். இல்லாத பாடத்தை அருகிலுள்ள கல்லூரியில் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். ஹாவர்ஃபோர்டு, பிரின் மார், ஸ்வார்த்மோர் ஆகிய மூன்று பென்சில்வேனியா கல்லூரிகளும் தமக்குள்ளும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துடனும் இத்தகைய ஏற்பாடு வைத்திருக்கின்றன. தனித்து நிற்கும் கல்லூரிக்கு அந்த வசதி இருக்காது.

மருத்துவப் படிப்பு பற்றி நீங்கள் கேட்டிருப்பதால் ஓர் எச்சரிக்கை. 'எங்கள் மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது' என்ற பேச்சைப் பல கல்லூரிகளில் கேட்கலாம். சில கல்லூரிகளில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு குழு பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகிறது. மதிப்பெண் குறைந்தவர்களுக்கு அக்குழு கடிதம் தர மறுக்கும் இடங்களும் உண்டு. கடிதம் கிடைக்காதவர் பெரும்பாலும் விண்ணப்பிப்பதே இல்லை, ஆகவே அந்தப் பத்துப் பேரில் அவர் சேர்வதும் இல்லை. எனவே, முதலாண்டில் மருத்துவம் படிக்க நினைத்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் கடைசியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இனிப் பணம். அந்தத் தனியார் கல்லூரி அறிவித்த மொத்த ஆண்டுச் செலவு 82,000 டாலர், அதில் 38,000 டாலர் மெரிட் ஸ்காலர்ஷிப், ஆகவே நீங்கள் கட்டுவது 44,000. மாநிலப் பல்கலைக்கழகத்தில் 34,000. வித்தியாசம் ஆண்டுக்கு 10,000 என்று கணக்கிட்டிருக்கிறீர்கள். ஸ்காலர்ஷிப் பெருமைக்குரியதுதான். ஆனாலும் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குச் சராசரியாகக் கல்விக் கட்டணத்தில் பாதிக்கு மேல் தள்ளுபடி கொடுக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். விலையை ஏற்றி எழுதி, அதை அடித்துக் காட்டும் துணிக்கடைத் தள்ளுபடிக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அதைவிட முக்கியம், செலவு ஆண்டுதோறும் ஏறும், ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் அதே தொகையில் நிற்கும். ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால், நீங்கள் கட்ட வேண்டியது முதலாண்டில் 44,000, நான்காம் ஆண்டில் சுமார் 54,200. நான்காண்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 1,96,000 டாலர். அதே விகிதத்தில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் செலவும் ஏறினால் அங்கே சுமார் 1,44,000. ஆக வித்தியாசம் 40,000 அல்ல, 52,000. ஸ்காலர்ஷிப் தொடர்வதற்கு எவ்வளவு ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வேண்டும், ஒரு செமஸ்டர் தவறினால் மீண்டும் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இந்த 52,000 சேமிப்பிலிருந்து வந்தால் ஒரு பேச்சு, கடனாக வந்தால் வேறு பேச்சு. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு மத்திய அரசு நேரடிக் கடனாகத் தருவது முதலாண்டில் 5,500, இரண்டாம் ஆண்டில் 6,500, அதன் பின் ஆண்டுக்கு 7,500 டாலர். நான்காண்டில் மொத்தம் 27,000. இந்த வரம்புக்குள் முடிகிற வரை எனக்குக் கவலையில்லை. அதற்கு மேல் நீங்களே கையெழுத்திட்டுக் கடன் வாங்க வேண்டுமென்றால், மருத்துவப் படிப்புக்கான செலவு இன்னும் முன்னால் நிற்கும்போது, மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போகச் சொல்வதே என் முடிவு. உங்களைப் போல் உங்கள் மகளிடமும் கிரீன் கார்டு இருந்தால் இந்த அரசுக் கடனெல்லாம் அவருக்குக் கிடைக்கும். எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்தினருக்கானது) உள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவி கிடையாது என்பதை, உங்கள் நண்பர் வீட்டிலும் இதே பேச்சு நடப்பதாகச் சொன்னதால் குறிப்பிடுகிறேன்.

அடுத்தது, பலர் கேட்கக் கூச்சப்படும் கேள்வி: இந்தக் கல்லூரி நான்காண்டு நிலைக்குமா? 1868-இல் தொடங்கிய நியூயார்க் மாநிலத்தின் வெல்ஸ் கல்லூரி, 2024 ஏப்ரல் 29 அன்று, அந்த செமஸ்டரோடு மூடப்போவதாக அறிவித்தது. அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி அதே ஆண்டு மே 31-இல் மூடப்பட்டது. வர்ஜீனியாவின் ஸ்வீட் பிரையர் கல்லூரி 2015-இல் மூடுவதாக அறிவித்த பின், முன்னாள் மாணவிகள் போராடி, நிதி திரட்டிக் காப்பாற்றினார்கள். 2008-க்குப் பிறகு அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை குறைந்ததால், கல்லூரி வயதை எட்டுவோர் இனி வரும் ஆண்டுகளில் குறைவார்கள். பெரிய மூலதனம் இல்லாமல், மாணவர் கட்டணத்தை நம்பியே நடக்கும் சிறிய கல்லூரிகள்தாம் இதில் முதலில் அடிபடும். கடந்த ஐந்தாண்டுகளில் மாணவர் எண்ணிக்கை எப்படிப் போகிறது என்று பாருங்கள். மத்தியக் கல்வித் துறை தனியார் கல்லூரிகளின் நிதிநிலைக்கு −1.0 முதல் 3.0 வரை ஒரு மதிப்பெண் தருகிறது, 1.5-க்குக் கீழே போனால் அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம். கல்லூரியின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் அமைப்பு எச்சரிக்கை ஏதும் விடுத்திருந்தால் அதுவும் அந்த அமைப்பின் இணையதளத்தில் இருக்கும்.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், பெரிய நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வருவதுபோல் இங்கே வரமாட்டா. முன்னாள் மாணவர்களுக்கு எழுதி வாய்ப்புக் கேட்க உங்கள் மகள் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டு காரியங்களை இந்த வாரமே செய்யுங்கள். கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கு, மாநிலப் பல்கலைக்கழகத்தின் செலவுக் கடிதத்தை இணைத்து, உதவித்தொகையை மறுபரிசீலனை செய்யுமாறு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். இது அங்கே வழக்கமான நடைமுறை, கையேந்துவதாக நினைக்க வேண்டியதில்லை. மற்றொன்று, வழிகாட்டியுடன் வளாகத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு விடாமல், உங்கள் மகள் ஓர் உயிரியல் வகுப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மூன்றாமாண்டு மாணவர்கள் இருவரோடு நீங்கள் உடனில்லாமல் உணவருந்தட்டும். வகுப்பு அட்டவணை கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.